அடிங்க... ஆனா வலிக்கக் கூடாது!

சனிக்கிழமை காலை. அமெரிக்காவின் மேரிலேண்ட் மாநிலத்தில் ஒரு பெரிய புல்வெளி. இந்தப் பக்கம் நாற்பது பேர், அந்தப் பக்கம் நாற்பது பேர். எல்லார் கையிலும் வாள், ஈட்டி, கேடயம். ஒருத்தர் தோளில் போர்வை மாதிரி ஒரு அங்கி, இன்னொருத்தர் இடுப்பில் தோல் பெல்ட். யாரோ ஒருவர் குரல் கொடுக்க... 'ஹோ'வென்று கத்திக்கொண்டே இரண்டு கூட்டமும் மோதுகிறது!

சட்டென்று ஒரு பையனின் வலது கையில் வாள் விழுகிறது. அவன் என்ன செய்கிறான் தெரியுமா? வலது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு, இடது கையால் சண்டையைத் தொடர்கிறான். காலில் அடி வாங்கிய பெண் முட்டி போட்டுப் போராடுகிறாள். மார்பில் அடி வாங்கியவர் 'செத்துட்டேன்'னு தானே சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே ஓரமாகப் போய் உட்கார்கிறார். ஆம்புலன்ஸ் இல்லை, ரத்தம் இல்லை. அரை மணி நேரத்தில் அத்தனை பேரும் சேர்ந்து சாண்ட்விச் சாப்பிடப் போய்விடுகிறார்கள்.

இதுக்குப் பேர் லைவ் ஆக்‌ஷன் ரோல் ப்ளேயிங். சுருக்கமா 'லார்ப்'. கம்ப்யூட்டரில் நீங்க மவுஸைத் தட்டி ஆடுற கேமை, மைதானத்தில் இறங்கி உடம்பால் ஆடுவது. நாடகம் மாதிரிதான்... ஆனால் எழுதி வைத்த வசனம் கிடையாது, வேடிக்கை பார்க்க ஆடியன்ஸும் கிடையாது. எல்லாருமே நடிகர்கள்.

'சரி பாஸ், இத்தனை பேர் இத்தனை வேகமா அடிச்சும் யாருக்கும் ஏன் மண்டை உடையலை?' இதுதானே உங்க கேள்வி? விடை, அந்த வாளுக்கு உள்ளே இருக்கிறது. வாங்க, அதைப் பிரித்துப் பார்ப்போம். பிரிப்பது மட்டும் இல்லை, ஒண்ணு செஞ்சும் பார்ப்போம்!

ஆளுக்குக் கவசமா, கத்திக்குக் கவசமா?

கொஞ்சூண்டு ஹிஸ்டரி. தூங்கிடாதீங்க, சீக்கிரம் முடிச்சுடறேன்!

1966-ம் வருஷம் மே 1-ம் தேதி. கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில், ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்தில் நண்பர்கள் சிலர் சேர்ந்து பழைய கால வீரர்கள் மாதிரி ஒரு போட்டி நடத்தினார்கள். அந்த விளையாட்டுதான் வளர்ந்து 'சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரனிஸம்' என்ற பெரிய அமைப்பானது. இவர்களின் கவசச் சண்டையில் வாள் எதில் செய்தது தெரியுமா? பிரம்பு! நம்ம ஸ்கூல் வாத்தியார் கையில் நடுங்க வைத்த அதே பிரம்பின் தடித்த அண்ணன். அடித்தால் சும்மா விடுமா? அதனால் தலைக்கு இரும்பு ஹெல்மெட், முட்டிக்கும் முழங்கைக்கும் கவசம்... இதெல்லாம் இல்லாமல் களத்தில் கால் வைக்க முடியாது.

1977-ல் அதே அமெரிக்காவின் மேரிலேண்ட் - வாஷிங்டன் பகுதியில் 'டாகோர்ஹிர்' என்று ஒரு குழு கிளம்பியது. அவர்கள் யோசித்த விதம் வேறு. ஆளுக்குக் கவசம் போடுவதற்குப் பதில், கத்திக்குக் கவசம் போட்டால் என்ன? அதாவது, வாளைச் சுற்றி மெத்தென்று ஃபோம். அப்புறம் யார் வேண்டுமானாலும் டி-ஷர்ட்டோடு வந்து விளையாடலாமே!

இந்த ஒரு ஐடியாதான் ஆட்டத்தை எல்லாருக்கும் திறந்துவிட்டது. 1982-ல் இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் பெக்ஃபோர்ட்டன் கோட்டைக்குள் 'ட்ரெஷர் ட்ராப்' என்ற ஆட்டம் ஆரம்பமானது. 1983-ல் டெக்சாஸின் எல் பாசோவில் 'ஆம்ட்கார்ட்' தோன்றியது. ஜெர்மனியின் ப்ரோகெலோ கிராமத்துக்கு அருகே 2004-ல் தொடங்கிய 'கான்க்வெஸ்ட் ஆஃப் மித்தோடியா' விழாவில் ஆயிரக்கணக்கானோர் கூடாரம் அடித்துத் தங்கி, நாள் கணக்கில் ஆடுகிறார்கள். டென்மார்க்கில் 2006-ல் ஆரம்பித்த ஓஸ்டர்ஸ்கோவ் என்ற ஹாஸ்டல் பள்ளியில் பாடமே ரோல் ப்ளே மூலமாகத்தான்! 2021-ல் வந்த 'ஹாக்ஐ' சீரியல் பார்த்தீங்களா? நியூயார்க் பூங்காவில் ஹீரோ வேண்டா வெறுப்பாக ஃபோம் கத்திச் சண்டை போடுவாரே... அதேதான் இது.

எதுக்கு இதைச் சொல்றேன்?

காரணம் இருக்கு. நான் காலேஜ் ஃபர்ஸ்ட் இயர் படித்தபோது டிபார்ட்மென்ட் விழாவுக்கு ஒரு சரித்திர நாடகம் போட்டோம். வாள் செய்யும் பொறுப்பு என்னுடையது. மரச் சட்டத்தை வாள் மாதிரி அறுத்து, மேலே சில்வர் பேப்பர் ஒட்டி, 'பளபள'ன்னு ரெடி பண்ணிட்டேன். ரிகர்சலில் எல்லாரும் கை தட்டினார்கள். மேடையில் கொஞ்சம் உற்சாகம் கூடிப்போச்சு. தளபதியாக நடித்த என் நண்பனின் புருவத்தில் விழுந்தது ஒரு வீச்சு. நாலு தையல். 'ஒரு அரை இன்ச் கீழே பட்டிருந்தா கண்ணு போயிருக்கும்'னு டாக்டர் சொன்னதும், அவன் அம்மா என்னைப் பார்த்த பார்வையும் இன்னும் மறக்கலை.

நான் செய்த தப்பு என்ன? வாள் பார்க்க எப்படி இருக்குன்னு மட்டும்தான் யோசித்தேன். பட்டால் எப்படி இருக்கும்னு யோசிக்கவே இல்லை. லார்ப் ஆட்கள் இதைத் தலைகீழாக யோசிக்கிறார்கள். நிஜ வாள், பிடித்திருப்பவனுக்காகச் செய்தது. ஃபோம் வாள், எதிரே நிற்பவனுக்காகச் செய்தது. இந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டீங்கன்னா, மீதி எல்லாம் ஈஸி!

கேட்ச் பிடிக்கிற டெக்னிக்

ஃபோம் எப்படிக் காப்பாற்றுகிறது? கிரிக்கெட்டில் வேகமாக வரும் பந்தை எப்படிப் பிடிப்பீங்க? கையை விறைப்பாக நீட்டினால் விரல் வீங்கிவிடும். கையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டே பிடித்தால் வலிக்காது. பந்து அதே பந்துதான், வேகமும் அதே வேகம்தான். ஆனால், அது நிற்க எடுத்துக்கொள்ளும் நேரம் கூடுகிறது. அதனால் விசை குறைகிறது. ஃபோம் அமுங்கும்போது நடப்பது இதேதான். கூடவே, அடி ஒரே கோட்டில் விழாமல் அகலமாகப் பரவுகிறது.

ஃபோமில் ரெண்டு ஜாதி உண்டு. ஒண்ணு, உள்ளே இருக்கும் குட்டிக் குட்டிக் குமிழ்கள் மூடியே இருக்கும் வகை. ப்ளே ஸ்கூல் தரையில் ஜிக்ஸா மாதிரி கோத்துப் போட்டிருக்கும் கலர் மேட் பார்த்திருப்பீங்களே... ஈ.வி.ஏ. ஃபோம், அது இந்த வகை. அழுத்தினால் அமுங்கி, விட்டதும் பழைய நிலைக்கு வந்துவிடும். வாளின் அலகுக்கு இதுதான் சரி.

இன்னொண்ணு, குமிழ்கள் திறந்திருக்கும் வகை. சோபா குஷனுக்குள் இருப்பது. அழுத்தினால் காற்று வெளியேறி அப்படியே சப்பென்று ஆகிவிடும். அலகுக்கு இது போதாது. உள்ளே இருக்கும் குழாய் நேராக எலும்பில் இடிக்கும். ஆனால், குத்தும் நுனிக்கு இதைவிட நல்லது கிடையாது. தெர்மோகோல்? வேண்டவே வேண்டாம். ஒரே அடியில் பொடிப்பொடியாக உதிர்ந்து, உள்ளே இருப்பதை அம்பலப்படுத்திவிடும்.

எலும்பு ஸ்ட்ராங்கா இருக்கணும்

வாள் தொங்கிப்போகாமல் இருக்க உள்ளே ஒரு எலும்பு வேண்டும். அதிகம் பேர் ஆரம்பிப்பது பி.வி.சி. பைப்பில். சீப், எங்கேயும் கிடைக்கும், ஹாக்ஸா பிளேடால் அறுக்கலாம். ஆனால் வெயிலில் கிடந்து வெளுத்த பழைய பைப்பை எடுக்காதீங்க. அது மொறுமொறுவென்று ஆகி, உடைந்தால் கண்ணாடிச் சில்லு மாதிரி கூர்மையாக நிற்கும்.

அனுபவம் கூடியவர்கள் ஃபைபர் கிளாஸ் கம்பிக்கு மாறிவிடுகிறார்கள். எடை குறைவு, நன்றாக வளைந்து நிமிரும். அதை அறுக்கும்போது பறக்கும் தூள் தோலை அரிக்கும், நுரையீரலுக்கும் ஆகாது. மாஸ்க், கண்ணாடி, கையுறை மூணும் கட்டாயம். மரக்கழி பிளந்தால் சிராய் ஈட்டி மாதிரி வெளியே வரும். இரும்பு? அந்தப் பேச்சே கூடாது!

எலும்பில் ரொம்ப ஆபத்தான இடம் நடுப்பகுதி இல்லை, முனை. அரை இன்ச் பி.வி.சி. பைப்பின் வெளி விட்டம் சுமார் 21 மில்லிமீட்டர். நம் கண்குழியின் அகலம் சுமார் 4 சென்டிமீட்டர். கணக்கு புரியுதா? ஃபோமைக் கிழித்துக்கொண்டு பைப் வெளியே வந்தால், அது தாராளமாக நுழையக்கூடிய இடம் முகத்திலேயே ரெண்டு இருக்கு. அதனால்தான் டாகோர்ஹிர், பெலிகார்த் மாதிரி குழுக்களில் குத்தும் நுனியை 2½ இன்ச் வளையத்தில் விட்டுப் பார்க்கிறார்கள். அரை இன்ச்சுக்கு மேல் உள்ளே போனால் அந்த ஆயுதம் அவுட்! கண்குழியைவிட வளையம் பெரியது. வளையத்திலேயே நுழையாதது கண்ணில் நுழையாது. எளிமையான லாஜிக்.

செய்யலாமா ஒரு வாள்?

மூணு அடி நீளத்தில், ஒரு கையால் பிடிக்கும் வாள். தரையில் பழைய பேப்பரை விரிச்சுக்கிட்டு உட்காருங்க.

முதலில் எலும்பு: 31 இன்ச் பைப். இதில் 24 இன்ச் அலகு, 7 இன்ச் கைப்பிடி. அறுத்த ரெண்டு முனையையும் உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்க. பிறகு ரெண்டு முனைக்கும் எண்ட் கேப் மாட்டி, பசை போட்டு ஒட்டுங்க. பசை நல்லா காயணும். கேப் கழன்றால், அதுவே ஒரு சின்ன ஏவுகணை.

அடுத்து சதை: மூடிய குமிழ் ஃபோமை நீளமான பட்டைகளாக வெட்டுங்க. கட்டர் பிளேடு எப்போதும் உடம்பை விட்டு வெளிப்பக்கமாகப் போகணும். வெட்டும் ரெண்டு விளிம்புகளிலும் பைப்புக்கு மேல் ஒரு இன்ச்சுக்குக் குறையாத தடிமன் வேண்டும். தட்டையான ரெண்டு பக்கங்களிலும் அரை இன்ச்சாவது வேண்டும். 'தட்டைப் பக்கம் யார் மேல படப்போகுது?'னு நினைக்காதீங்க. சண்டை வேகத்தில் கை திரும்பும், அந்தப் பக்கமும் படும்.

ஒட்டுவதற்கு, செருப்புக் கடை அண்ணன் தடவுவாரே அந்த மஞ்சள் ரப்பர் பசை போதும். ஒட்டவேண்டிய ரெண்டு பக்கத்திலும் மெல்லிசாகத் தடவி, தொட்டால் கையில் வராத அளவுக்குக் காயவிட்டு, அப்புறம் சேர்த்து அழுத்தணும். ஒரு தடவை ஒட்டினால் ஒட்டினதுதான், நகர்த்த முடியாது! இந்தப் பசையின் ஆவி தலையைச் சுற்ற வைக்கும், நெருப்பையும் சட்டென்று பிடிக்கும். ஹாஸ்டல் ரூமைச் சாத்திக்கொண்டு, பக்கத்தில் கொசுவத்தியும் கொளுத்தி வைத்து வேலை பார்க்கிற வீரம் வேண்டாம். மொட்டை மாடிக்குப் போயிடுங்க.

இப்போ நுனி: இதில்தான் உங்கள் பொறுமைக்கு டெஸ்ட். எண்ட் கேப்புக்கு மேல் மூடிய குமிழ் ஃபோமில் வட்டமாக வெட்டிய ஒரு தடித்த வில்லை. இது பைப் மேலே ஏறாமல் தடுக்கும் காவல்காரன். அதற்கு மேல் சோபா ஃபோம் கட்டி. ரெண்டும் சேர்ந்து பைப்பைத் தாண்டி 3 இன்ச் நீளம் இருக்கணும். அகலம் 3 இன்ச். வாள் நுனி கூராக இல்லாமல் ஐஸ்க்ரீம் பார் மாதிரி மொண்ணையாக இருக்கேன்னு வருத்தப்படாதீங்க. அந்த மொண்ணைதான் அழகு!

வில்லையின் மேல் வழியாக, அலகின் ரெண்டு பக்கமும் இறங்குகிற மாதிரி நூல் இழையோடிய பேக்கிங் டேப்பை நீளவாக்கில் ஒட்டுங்க. பைப் துளைத்துக்கொண்டு வருவதை இது தடுக்கும். ஆனால் அலகைச் சுற்றிச் சுற்றி இறுக்காதீங்க. டேப் சுற்றச் சுற்ற ஃபோம் அமுங்கும், கத்தி கட்டையாகிவிடும். நிறைய பேர் 'ஸ்ட்ராங்கா இருக்கட்டுமே'ன்னு கோட்டை விடுவது இங்கேதான்.

கைப்பிடி: அடிமுனையிலும் 2 இன்ச் ஃபோம் குமிழ் வையுங்க. கூட்டத்தில் திரும்பும்போது பின்னால் நிற்பவர் வாயில் இடிப்பது அதுதான்! கைப்பிடிக்கு மேலே குறுக்குக் கட்டை மாதிரி வேணும்னா அதையும் ஃபோமிலேயே வெட்டுங்க, மரம் வேண்டாம். பிடிமானத்துக்கு ஷட்டில் ராக்கெட்டுக்குச் சுற்றுகிற க்ரிப் டேப் அருமையாக இருக்கும். வியர்வையில் வழுக்கி வாள் கையை விட்டுப் பறக்காது.

கடைசியில் சட்டை: கெட்டியான துணியில் உறை தைத்து மாட்டுங்க. துணி ஏன்? ஃபோம் அமுங்கும்போது காற்று வெளியே போகணும். முழுக்க பிளாஸ்டிக் டேப் ஒட்டினால் காற்று உள்ளேயே மாட்டி, வாள் ஊதின பலூன் மாதிரி விறைத்துக்கொள்ளும். டேப்தான் ஒட்டுவேன்னு அடம் பிடிச்சா, குண்டூசியால் ஆங்காங்கே ஓட்டை போட்டுடுங்க. இப்ப அளந்து பாருங்க. 31-ம் 3-ம் 2-ம் கூட்டினால் 36 இன்ச். மூணு அடி வாள் ரெடி!

ஊருக்கு ஊர் அடி வேற!

படத்தில் பார்க்கும் லார்ப் வாள்கள் நிஜ வாள் மாதிரியே மெல்லிசாக, பளபளவென்று இருக்கே... அது எப்படி? அது வேற ஸ்கூல் பாஸ்!

டாகோர்ஹிர் மாதிரி அமெரிக்கக் குழுக்களில் அடி ஓரளவு பலமாக விழுந்தால்தான் கணக்கு. அதனால் ஃபோம் தடிமனாக இருக்கும். பார்க்க தலையணைக்குக் கைப்பிடி வைத்தது மாதிரிதான் தெரியும். இங்கிலாந்து, ஜெர்மனி பக்கம் அடியைப் பாதியிலேயே இழுத்துப் பிடித்து லேசாகத் தொடுவதுதான் நாகரிகம். அதனால் ஃபோமை மெல்லிசாகச் செதுக்கி, மேலே திரவ லேடெக்ஸை பல கோட் அடித்து, பெயின்ட் பூசுகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் இரும்பு என்றே சத்தியம் பண்ணுவீங்க. ஆனால் அந்த மெல்லிய வாளால் குத்தக் கூடாது. குத்தக் குத்த உள்ளே இருக்கும் கம்பி நுனி ஃபோமைத் தின்றுகொண்டே வெளியே வந்துவிடும். லேடெக்ஸ் அலர்ஜி உள்ளவர்களும் இருப்பார்கள், முன்னாடியே கேட்டுடணும்.

ஆக, அழகு எவ்வளவு, அடி எவ்வளவு என்பதை வாள் மட்டும் முடிவு செய்வதில்லை. விளையாடுகிறவர்களின் ஒப்பந்தமும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. அங்கே செய்த வாளை இங்கே கொண்டுவந்து, இங்கே அடிக்கிற மாதிரி அடித்தால் விபரீதம். எறியும் கத்திகளுக்கோ எந்த ஊரிலும் எலும்பே கிடையாது, முழுக்க ஃபோம்தான். பறந்து போய் எங்கே விழும்னு யாருக்குத் தெரியும்?

பாஸா, ஃபெயிலா?

நம்ம ஊர் எக்ஸாம் ஹாலில் பிட்டு தேடுகிற மாதிரி, ஆட்டம் தொடங்கும் முன் ஒவ்வொரு ஆயுதத்தையும் சோதிக்கிறார்கள். போன வாரம் பாஸான வாளாக இருந்தாலும் இந்த வாரம் மறுபடி க்யூவில் நிற்கணும். ஏன்னா, ஃபோமுக்கும் வயசாகும். அடி வாங்கி வாங்கி அமுங்கிப்போய், ஒருநாள் பழைய நிலைக்கு வராமலே நின்றுவிடும். நீங்களும் இதே சோதனைகளைச் செய்து பார்க்கலாம்.

1. கட்டைவிரலால் அலகு முழுக்க அழுத்திப் பாருங்க. எங்கேயாவது பைப் தட்டுப்பட்டால் ஃபெயில்.

2. அட்டையில் 2½ இன்ச் வட்ட ஓட்டை போட்டு நுனியை நுழையுங்க. அரை இன்ச்சுக்கு மேல் போனால் ஃபெயில்.

3. மெதுவாக வளைத்துப் பாருங்க. 'க்ரக்' என்று சத்தமோ, ஒரே இடத்தில் மடக்கோ தெரிந்தால் எலும்பு உடைந்திருக்கு. ஃபெயில்.

4. கேப், குமிழ், குறுக்குக் கட்டை எல்லாவற்றையும் பிடித்து இழுங்க. ஏதாவது ஆடினால் ஃபெயில்.

5. சந்தேகம் வந்தால், கொண்டுவந்த ஆள் முதுகில் அதே வாளால் ஒரு போடு!

சிரிக்காதீங்க, அஞ்சாவது சோதனை நிஜமாகவே பல களங்களில் இருக்கிறது. 'என் வாள் மெத்துனுதான் இருக்கு'ன்னு வாதாடினால், 'அப்படியா, திரும்பி நில்லு' என்பார்கள். பாதிப் பேர் அங்கேயே வாளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவார்களாக இருக்கும்!

வாளைப் பார்த்துக்கொள்வதும் பாதுகாப்புதான். சினிமா ஹீரோ மாதிரி வாள் நுனியைத் தரையில் ஊன்றி, அதன் மேல் சாய்ந்து போஸ் கொடுக்காதீங்க. நுனி ஃபோம் அமுங்கி, பைப் மெல்ல மெல்ல வெளியே நகரும். வெயிலில் காயும் காருக்குள் போட்டு வைத்தால் பசை விட்டுப்போகும். பஸ்ஸிலோ ரயிலிலோ கொண்டு போகும்போது பைக்குள் வையுங்க. உங்களுக்கு அது ஃபோம் என்று தெரியும், எதிர் சீட்டுப் பாட்டிக்குத் தெரியாதே!

ரெஃப்ரி இல்லாத ஆட்டம்

எவ்வளவு ஃபோம் சுற்றினாலும் சில விஷயங்களை ஃபோம் பார்த்துக்கொள்ளாது. பெரும்பாலான களங்களில் தலையும் கழுத்தும் வாளுக்குத் தடை செய்யப்பட்ட இடங்கள். நிஜமாகவே யாருக்காவது அடிபட்டால் 'ஹோல்ட்' என்று ஒரு குரல். அடுத்த விநாடி மொத்தக் களமும் அப்படியே நிற்கும். ஜெயிக்கப் போகிற நேரமாக இருந்தாலும் சரிதான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொண்ணு. அடி பட்டதா, இல்லையா என்று சொல்லும் முதல் பொறுப்பு அடித்தவருடையது இல்லை; அடி வாங்கியவருடையது. 'என் கை போச்சு'ன்னு அவரே ஒப்புக்கொள்ளணும். ஒப்புக்கொள்ளாமல் ஏமாற்றினால் என்ன ஆகும்? எதிராளி அடுத்த தடவை இன்னும் பலமாக அடிப்பான். இவனும் பலமாக அடிப்பான். எந்த ஃபோமும் அதைத் தாங்காது. அங்கே நேர்மையும் ஒரு பாதுகாப்பு உபகரணம்.

உங்க காலேஜில் அடுத்த கல்ச்சுரல்ஸுக்கு யாராவது 'மச்சி, சண்டைக் காட்சி வெச்சு ஒரு டிராமா போடலாம்டா'ன்னு வரத்தான் போகிறான். அப்போ மரச் சட்டத்தையும் சில்வர் பேப்பரையும் தேடி ஓடாதீங்க. ஒரு மேட், ஒரு பைப், ஒரு டப்பா பசை, ஒரு சனிக்கிழமை... அவ்வளவுதான். மேடையில் அதைச் சுழற்றப் போகிறவர்கள் முன்னாடியே சேர்ந்து மெதுவாகப் பழகிக்கணும். தலைப் பக்கம் வீச்சே கூடாது.

செய்து முடித்ததும், அதைத் தூக்கிக்கொண்டு ஃபேஸ்புக்குக்கோ இன்ஸ்டாவுக்கோ போட்டோ எடுக்க ஓடுவதற்கு முன் ஒரே ஒரு வேலை பாக்கி இருக்கு. வாளை உங்க நண்பன் கையில் கொடுங்க. திரும்பி நில்லுங்க. 'அடிடா, நிஜமா அடி'ன்னு சொல்லுங்க.

வலிச்சதா? உறையைக் கழற்றி, இன்னொரு பட்டை ஃபோம் ஒட்டுங்க. மறுபடி திரும்பி நில்லுங்க.

வலிக்கலையா? இப்போ வாளை வாங்கிக்கங்க. எதிரே நிற்கிற நண்பனின் புருவத்தை ஒரு தடவை பாருங்க. அது இப்படியே இருக்கணும். சரி, ஆரம்பிக்கலாம்!